சுவைத்தலும் குடித்தலும்

கடந்த ஜனவரித் திங்களில் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. ஆசிரியை ஒருவர் வராமையால் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே பாடம் சொல்லும்படி ஆயிற்று. அன்றைய பாடம் கானாவூர்த் திருமணம். ஆறு கற்சாடிகளையும், அவற்றில் விளிம்புவரை நிரப்பிய தண்ணீரையும், அது திராட்சை இரசமாக மாறிய அற்புதத்தையும் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையில் ஒரு சிறுவன் எழுந்து நின்றான்.

"ஃபாதர், திராட்சை இரசம்னா ஒயின்தானே?"

"ஆமாம்."

"அப்போ ஒயின் ஷாப்புல விக்கிறதைத்தான் இயேசு செஞ்சாரா? அதைக் குடிச்சிட்டு வந்துதானே எங்கப்பா அம்மாவை அடிச்சாரு?"

வகுப்பு முழுவதும் அடங்கிவிட்டது. "அது வேறு, இது வேறு" என்றேன். "எப்படி ஃபாதர் வேற?" என்று அவன் விடாமல் கேட்டான். நல்ல வேளையாக மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவிட்டனர், நானும் தப்பித்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. பூவிருந்தவல்லிக் குருமடத்தில் மாணவனாக இருந்த நாளிலிருந்தே திருப்பலிக்கு வேண்டிய இரசத்தையும் தண்ணீரையும் சிறு குப்பிகளில் ஊற்றி எடுத்து வைத்துப் பழகியவன் நான். குருப்பட்டம் பெற்ற பின் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நாள் தவறாமல் அதனைக் கையில் ஏந்துகிறேன். இருந்தும் அது எப்படி உண்டாகிறது, செந்நிற இரசத்திற்கும் வெண்ணிற இரசத்திற்கும் வேறுபாடு என்ன, கடையில் விற்கும் மதுவிற்கும் அதற்கும் உறவு என்ன என்று ஒரு சிறுவனுக்குச் சொல்லத் தெரியாமல் நின்றேன். இக்கட்டுரை, அக்கேள்விக்கு விடை தேடிப் போன ஒருவனின் அனுபவம்.

பெயரில் மட்டும் ஒயின்

முதலில் நம் ஊர் வழக்கைப் பார்ப்போம். அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குப் பேருந்தில் செல்லும் எவரைக் கேட்டாலும் 'ஒயின் ஷாப்' எங்கே இருக்கிறது என்று வழி காட்டுவார். 1937-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-ல் சென்னை மாகாணம் முழுமைக்கும் பரவியது. 1971-ல் அது தளர்த்தப்பட்டது. 1974-ல் மீண்டும் வந்தது. 1981-ல் மீண்டும் தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உருவாயிற்று. 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அதற்கு முன் இருந்த தனியார் கடைகளின் பலகைகளில் 'ஒயின்ஸ்' என்று எழுதியிருக்கும். கடை மாறியும் பெயர் மட்டும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

அங்கே பெரும்பாலும் விலைபோவதோ பிராந்தியும் ரம்மும் விஸ்கியும் பீருமே. பிராந்தி என்பது உலக வழக்கில் திராட்சை இரசத்தைக் காய்ச்சி வடித்து எடுப்பது. நம் நாட்டில் மலிவு விலையில் விற்கும் மது வகைகளில் பெரும்பாலானவை கரும்பாலைகளில் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்துச் செய்யப்படுபவை. ஆக, அச்சிறுவனின் தந்தை இத்தனை ஆண்டுகளாகக் குடித்தது திராட்சையைக் கண்ணாலும் கண்டதன்று. இவ்வளவும் புத்தகத்தைப் புரட்டியே அறிந்துகொண்டேன். ஆனால் விடையில் பாதிதான் இது என்பது பிறகு புரிந்தது.

நாசிக்கில் ஒரு பிற்பகல்

பிப்ரவரியில் எங்கள் பங்கிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மராட்டிய மாநிலத்திலுள்ள நாசிக் ரோடு குழந்தை இயேசு திருத்தலத்திற்குத் திருப்பயணம் சென்றோம். அச்சிறுவனும் தன் பெற்றோருடன் வந்திருந்தான். அவன் தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தில் வேலை செய்பவர். பிழைப்புத் தேடித் தென்மாவட்டத்திலிருந்து வந்தவர். அவர் குடியை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறதென்றும், அதற்கு நன்றி செலுத்தவே வருகிறார்களென்றும் அவருடைய மனைவி இரயிலில் என்னிடம் சொன்னார். இதனை அவர்கள் இருவரின் இசைவோடுதான் எழுதுகிறேன்.

நாசிக் நாட்டின் பெரிய திராட்சை வட்டாரம். முன்னர் அங்கே விளைந்தவை பெரும்பாலும் உண்ணும் பழ வகைகளே. 1997-ல் ராஜீவ் சாமந்த் என்பவர் கங்காப்பூர் அணைக்கருகே இரசத்திற்கென்றே உரிய ஐரோப்பியக் கொடிகளை நட்டார். அவருடைய சூலா நிறுவனத்தின் முதல் இரசம் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் பல தோட்டங்களும் இரச ஆலைகளும் தோன்றின. அவற்றுள் ஒன்றில், உணவுத் தொழில்நுட்பம் படித்த எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் வேலை செய்கிறார். "ஃபாதர், இப்போதுதான் அறுவடை நடக்கிறது, அவசியம் வந்து பாருங்கள்" என்று அழைத்தார். திருத்தல வழிபாடு முடிந்த மறுநாள் பிற்பகல், விரும்பியவர்கள் பத்துப் பேராகப் புறப்பட்டோம். அச்சிறுவனின் தந்தையும் எங்களுடன் வண்டியில் ஏறினார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை.

தோட்டத்தின் வாயிலில் அவர் நின்றுவிட்டார். "சாமி, நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்" என்றார். சரி என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

கொடியிலிருந்து கோப்பைக்கு

நம் இளைஞர் கொடியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்துத் தந்தார். சிறிய பழம், தடித்த தோல், உள்ளே விதைகள். ஆனால் நாம் கடையில் வாங்கும் பழத்தைவிட மிகுதியான இனிப்பு. அந்த இனிப்பே பிறகு சாராயமாகிறது என்றார். பழத்தைப் பிழிந்த சாற்றில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று, சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. நம் வீட்டில் இட்லி மாவு பொங்குவதும் நுண்ணுயிர்களின் வேலைதான்; அங்கே மாவு புளிக்கிறது, இங்கே சாறு புளித்து இரசமாகிறது.

செந்நிறம், வெண்ணிறம் என்னும் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஒரு கருந்திராட்சையைத் தோலுரித்துக் காட்டினார். உள்ளிருந்த சதை பச்சைத் திராட்சையைப் போலவே நிறமற்று இருந்தது. நிறம் முழுவதும் தோலில்தான் உள்ளது. சாற்றைத் தோலிலிருந்து உடனே பிரித்துவிட்டுப் புளிக்கவைத்தால் வெண்ணிற இரசம். தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்தே புளித்தால் செந்நிற இரசம். கருந்திராட்சையிலிருந்தும் வெண்ணிற இரசம் செய்யலாம் என்பது எனக்குப் புதுச்செய்தி. வெண்ணிறத்தைக் குளிர்ந்த தொட்டிகளில் மெதுவாகப் புளிக்க விடுகிறார்கள். மணம் பறந்துவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. செந்நிறத்திற்குக் கூடுதல் வெப்பம் தேவை. அப்போதுதான் தோலின் நிறமும் துவர்ப்பும் நன்றாக இறங்கும். செந்நிறத்தில் சிலவற்றை ஓக் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் வைத்து முதிர விடுகிறார்கள்.

சுவைத்துப் பார்த்தது

பின்னர் எங்களை ஒரு மேசையைச் சுற்றி அமரவைத்தார்கள். காம்புள்ள கண்ணாடிக் கோப்பைகள், தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டுகள், நடுவே ஒரு பீங்கான் பாத்திரம். கோப்பையைக் காம்பில் பிடிக்க வேண்டும். உள்ளங்கைச் சூடு பட்டால் இரசத்தின் தன்மை மாறிவிடும். முதலில் வெண்ணிறம், பிறகு செந்நிறம். மென்மையானது முன்னே, கனமானது பின்னே. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும்; பிறகு கோப்பையைச் சற்றுச் சுழற்றி முகர வேண்டும்; அதன்பின்னரே ஒரு வாய்.

முதலாவது சாவிஞோன் பிளாங்க் என்னும் வெண்ணிற இரசம். ஏறக்குறைய நீரின் நிறம். ஓரத்தில் மட்டும் இளம் பச்சை. முகர்ந்ததும் எனக்கு நினைவு வந்தது குடைமிளகாய். சொல்ல வெட்கப்பட்டு மௌனமாக இருந்தேன். இளைஞர் சிரித்து, "சரியாகத்தான் கண்டுபிடித்தீர்கள், ஃபாதர். குடைமிளகாயின் மணத்திற்குக் காரணமான பொருளே இதிலும் உண்டு" என்றார். மறுபடி முகர்ந்தபோது அரைப்பழுப்பான கொய்யாவின் தோலும் எலுமிச்சை இலையும் வந்தன. வாயில் வைத்தால் மாங்காய்க் கீற்றைக் கடித்தாற்போல் நாவின் இரு பக்கமும் நீர் ஊறிற்று. இனிப்பு என்பது கொஞ்சமும் இல்லை.

இரண்டாவது செனின் பிளாங்க். இதுவும் வெண்ணிறமே, ஆயினும் வைக்கோலின் மஞ்சள் சற்றுத் தெரிந்தது. தேனும் கனிந்த வாழையும் கலந்த மணம். புளிப்பின் பின்னால் மெல்லிய இனிப்பு. எங்களுடன் வந்த தாய்மார்கள் இதுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

மூன்றாவது ஷிராஸ். கோப்பையைச் சாய்த்தால் நாவற்பழச் சாற்றின் நிறம். முகர்ந்த மாத்திரத்தில் வெண்பொங்கலில் தாளித்த மிளகு! என் மூக்கையே நம்ப முடியவில்லை. இதற்கும் விளக்கம் இருந்தது. மிளகின் மணத்திற்குக் காரணமான ரோட்டண்டோன் என்னும் பொருளே ஷிராஸ் திராட்சைத் தோலிலும் உண்டு என்பதை 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்களாம். மலபார்க் கரையிலிருந்து மிளகை ஏற்றிச் சென்ற மேனாட்டாரின் பழத்திற்குள் அதே மணம் ஒளிந்திருந்தது வியப்பாக இருந்தது.

நான்காவது கேபர்னே சாவிஞோன் என்னும் செந்நிற இரசம். இதில் நான் தோற்றேன். வாயில் வைத்ததும் ஈறும் நாக்கும் வறண்டு இழுத்துக்கொண்டன. கொட்டைப்பாக்கை மென்றதுபோல, வாழைப்பூவைக் கசக்கி வாயிலிட்டதுபோல ஒரு துவர்ப்பு. முகம் சுளித்தேன். இது டானின் என்னும் பொருளின் வேலை. தோலிலும் விதையிலும் இருக்கும் அது உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டாற்போல் தோன்றுகிறது. கடுந்தேநீரிலும் பாக்கிலும் இருப்பது இந்த வகைப் பொருளே. ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு மறுபடி அருந்தச் சொன்னார்கள். துவர்ப்பு அடங்கி, அடியில் கருமையான ஒரு பழச்சுவை மேலெழுந்தது. முதல் வாயில் வெறுத்ததை இரண்டாம் வாயில் சற்றே புரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் அறிந்தேன். செந்நிற இரசத்தை அறை வெப்பத்தில் அருந்துக என்பது ஐரோப்பியப் பழக்கம்; அந்த அறை 18 பாகையைத் தாண்டாத குளிர் நாட்டு அறை. நம் ஆவடியில் மே மாத அறையில் வைத்தால் இரசம் வெந்துபோகும். வெண்ணிறத்திற்கோ 8 முதல் 12 பாகைவரை குளிர்ச்சி வேண்டும்.

பீங்கான் பாத்திரம்

மேசை நடுவில் இருந்த பாத்திரம் எதற்கு என்று அதுவரை நான் கேட்கவில்லை. நம் இளைஞர் ஒவ்வொரு முறையும் ஒரு வாய் எடுத்து, அதை நாவில் உருட்டி, பின்பு அப்பாத்திரத்தில் துப்பிவிட்டார். ஒரு துளியும் விழுங்கவில்லை. "வீணாகிறதே, தம்பி!" என்றேன். "ஒரு நாளில் நாற்பது வகை பார்க்க வேண்டியிருக்கும், ஃபாதர். விழுங்கினால் ஐந்தாவதிலேயே நாக்கும் மூளையும் மங்கிவிடும். அதற்கப்புறம் எது நல்லது, எது கெட்டது என்று சொல்ல முடியாது" என்று விடை வந்தது.

இரசத்தை அறிவதையே தொழிலாகக் கொண்டவர் அதைக் குடிப்பதில்லை! குடித்தால் அறிய முடியாது. சாராயம் உள்ளே போகப்போகச் சுவை வெளியே போகிறது. இந்த ஓர் உண்மைக்காகவே நாசிக் வந்தது தகும் என்று எண்ணினேன்.

நாம் திருப்பலியில் பயன்படுத்தும் இரசத்தைப் பற்றியும் பேசினோம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924-ஆம் விதிப்படி அது திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும். நிறத்தைப் பற்றி விதி இல்லை. பல ஆலயங்களில் வெண்ணிறத்தை விரும்புவதற்குக் காரணம் மிக எளிது: பீடத் துணிகளில் கறை படியாது. நான் அருந்திப் பழகியது இனிப்பான வகை. அதனால்தான் நாசிக்கின் புளிப்பும் துவர்ப்பும் எனக்கு அவ்வளவு விந்தையாக இருந்தன. கிண்ணத்தில் இரசத்தோடு சிறிது தண்ணீர் கலக்கிறோம் அல்லவா? இதற்குச் சமயப்பொருள் உண்டு. எனினும் பண்டை மத்தியதரைக்கடல் நாடுகளில் இரசத்தை நீர் கலந்து அருந்துவதே அன்றாட வழக்கம்.

தமிழ் மண்ணுக்கும் திராட்சை இரசம் புதிதன்று. யவனர் கப்பலில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடியை 1832-ல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் அறிமுகப்படுத்தினார் என்று கூறப்படுகிறது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவிருந்தவல்லிப் பேருந்து நிலையத்தருகே தள்ளுவண்டியில் நாம் வாங்குவது பெரும்பாலும் இதுதான். அதை முகர்ந்து பாருங்கள்; ரோஜாவின் சாயல் இருக்கும். ரோஜாவில் உள்ள மணப்பொருளில் ஒன்று அதிலும் உண்டு. முகர்ந்து பார்க்கக் கற்றபின் பழத்தை வெறுமனே விழுங்க மனம் வரவில்லை.

வாயிலில் இருந்தவர்

நாங்கள் வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அந்தத் தந்தை சாலையோர மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, இருபதடி தூரத்தில், இரசப் புட்டிகள் விற்கும் கடை. போவோரும் வருவோரும் புட்டிகளோடு கடந்து சென்றுகொண்டிருந்தார்கள். அவர் கையில் ஒரு பொட்டலம் திராட்சைப் பழம். அதையும் அவர் தொட்டதாகத் தெரியவில்லை. அவருடைய நெற்றி வியர்த்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடியை விட்டு ஐந்தே மாதமான ஒருவரை இரச ஆலையின் வாயிலில் தனியே உட்காரவைத்துவிட்டு, சுவையில் மயங்கி நான் உள்ளே இருந்திருக்கிறேன். "நாமும் திரும்பிவிடுவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்; வேறொருவரை அவருக்குத் துணையாக வைத்திருக்கலாம். மேய்ப்பன் என்னும் பெயரைச் சுமப்பவன் செய்த தவறு அது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி" என்றவர் சிறிது நேரம் கழித்து, "உள்ளே எப்படி இருந்திச்சு?" என்று கேட்டார். சொல்லலாமா கூடாதா என்று தயங்கினேன். "சொல்லுங்க சாமி, கேக்கிறதுல தப்பில்ல" என்றார். குடைமிளகாயையும் கொய்யாத் தோலையும் வெண்பொங்கல் மிளகையும் சொன்னேன். துப்பும் பாத்திரத்தையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"பதினெட்டு வருஷம் குடிச்சேன் சாமி. ஒரு நாள்கூட என்ன ருசின்னு பாத்ததில்ல. மூக்கைப் பிடிச்சிக்கிட்டு ஊத்திக்குவேன். எப்போ தலைக்கு ஏறும்னுதான் காத்திருப்பேன்."

நம் இளைஞர் அன்பளிப்பாகக் கொடுத்த புட்டி ஒன்று என் பையில் இருந்தது. அதை அங்கேயே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வருந்தினார், காரணத்தைத் தனியே சொன்னபோது புரிந்துகொண்டார்.

சில உண்மைகள்

இதை வாசிப்போரில் சிலர், "சாமியாரே சுவைத்துப் பார்த்துவிட்டார், ஒயின் நல்லதுதான் போலும்" என்று எண்ணிவிடலாகாது. சில கணக்குகளை முன்வைக்கிறேன்.

திராட்சை இரசத்தில் சாராயம் பொதுவாக 12 முதல் 14 விழுக்காடு. 150 மில்லி கொண்ட ஒரு கோப்பையில் ஏறத்தாழ 15 கிராம் சாராயம் உண்டு. 30 மில்லி விஸ்கியில் இருப்பதோ சுமார் 10 கிராம். ஆகவே 'வெறும் ஒயின்தானே' என்பது தவறான ஆறுதல். செந்நிற இரசம் இதயத்திற்கு நல்லது என்னும் பேச்சு 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்குப் பின் உலகெங்கும் பரவியது. ஆனால் உடல்நலத்திற்குத் தீங்கற்ற மது அளவு என்று ஒன்றும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்திருக்கிறது. மது புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பது 1988-லேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய உண்மை.

குடி ஒரு நோயாக முற்றியவருக்கு 'அளவோடு' என்னும் சொல்லே பொருந்தாது. ஒரு வாய் அவருக்கு ஒரு வாயோடு நிற்பதில்லை. இதை மனவுறுதிக் குறைவு என்று இகழ்வது அறியாமை. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். எனவே மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். 1980-ல் சாந்தி ரங்கநாதன் அவர்கள் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை சென்னையில் இப்பணியைச் செய்து வருகிறது. 1935-ல் அமெரிக்காவில் தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமையின் குழுக்கள் நம் நகரிலும் கூடுகின்றன. பெயர் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. அந்தத் தந்தையும் அத்தகைய குழு ஒன்றுக்கு வாரந்தோறும் செல்கிறார்.

அவர் என்னிடம் இன்னொன்றும் கேட்டார்: "திருவிருந்துல கிண்ணத்திலிருந்து குடுத்தா நான் வாங்கலாமா சாமி?" வேண்டியதில்லை. அப்பத்தின் வடிவில் மட்டும் உட்கொள்பவரும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறார் என்பது திரிதெந்தீன் பொதுச்சங்கத்தின் போதனை. குடிநோயால் துன்புறும் குருவுக்கும்கூட, ஆயரின் அனுமதியோடு புளிப்பேறாத திராட்சைச் சாற்றைத் திருப்பலியில் பயன்படுத்த வழி செய்யப்பட்டிருக்கிறது. 2003-ல் உரோமை இதற்கான நெறிகளை மீண்டும் விளக்கிற்று. தாயாம் திருச்சபை இந்த நோயைக் கண்டு முகம் திருப்பவில்லை.

சிறுவனுக்குச் சொன்ன விடை

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு, நானே கேட்டு வாங்கி அதே வகுப்புக்குச் சென்றேன். அச்சிறுவனை முன்வரிசைக்கு அழைத்தேன்.

"தம்பி, அன்றைக்கு 'எப்படி வேறு' என்று கேட்டாயே. ஒயின் ஷாப்பில் பெரும்பாலும் விற்பது திராட்சை இரசம் அல்ல. ஆனால் திராட்சை இரசத்திலும் சாராயம் உண்டு. அதைக் குடித்தும் மனிதர் கெட்டுப்போவதுண்டு. நான் அன்று 'அது வேறு, இது வேறு' என்று சொன்னது பாதி விடைதான். கானாவில் ஒரு வீட்டின் மானம் போக இருந்தது. கல்யாணத்திற்கு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஊர் கூடி மகிழும்படி இயேசு கொடுத்தார். ஒரு வீட்டின் மகிழ்ச்சியைக் காப்பாற்ற அவர் செய்தது அது. எது ஒரு வீட்டின் மகிழ்ச்சியைக் கெடுக்கிறதோ, அதை அவர் செய்யவில்லை. உன் அப்பாவுக்கு வந்தது ஒரு நோய். நோய் வந்தவர் சில பொருளைத் தொடக்கூடாது. தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி என்றால் இனிப்பு ஆகாதல்லவா, அதைப்போல. அவர் தொடாமல் இருக்கிறார். அது மிகப் பெரிய காரியம்."

அவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு கேட்டான்: "அப்போ அப்பா திராட்சைப் பழம் சாப்பிடலாமா, ஃபாதர்?"

"தாராளமாகச் சாப்பிடலாம்."

வகுப்பு முடிந்து நான் வெளியே வந்தபோது, கோயில் வாயிலில் நின்ற தள்ளுவண்டியில் அந்தத் தந்தை அரைக் கிலோ பன்னீர்த் திராட்சை வாங்கிக்கொண்டிருந்தார். மகன் ஒரு பழத்தை எடுத்து வாயில் போடப் போனான். அவர் அவன் கையைத் தடுத்து, "இரு, முதல்ல மோந்து பாரு" என்றார். இருவரும் அந்தப் பழத்தை மாறி மாறி முகர்ந்து பார்த்தார்கள். தாய் சற்றுத் தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்புள்ள குடும்பத் தலைவர்களே, இவ்வாரம் உங்கள் வீட்டில் ஒரு கொத்துத் திராட்சை வாங்குங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவசரமின்றி, ஒவ்வொன்றாக முகர்ந்து சுவைத்துப் பாருங்கள். அதனினும் நல்ல இரசம் எதனையும் நான் நாசிக்கில் சுவைக்கவில்லை.